ஏக்கத்தோடு உட்காரப் பழகுதல்: போதை மீட்பில் இருப்பவர்களுக்கான கவனப் பயிற்சி, படிப்படியாக

குடியையோ வேறு போதையையோ விட்ட முதல் சில வாரங்களில் கண்ணை மூடி உட்கார்ந்தால் அமைதி வராது. உடம்பு பரபரக்கும், தூக்கம் கெட்டதால் தலை கனக்கும், மறக்க நினைத்த முகங்கள் வரிசையாக வந்து நிற்கும். ஐந்து நிமிடத்தில் எழுந்து, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தியானம் என்றாலே மனம் அடங்கிவிட வேண்டும் என்று யாரோ சொல்லி வைத்திருக்கிறார்கள். மீட்பில் இதன் வேலை வேறு. ஏக்கம் தலைக்கேறி நிற்கும்போது அதை அமுக்காமலும் அதற்குப் பணியாமலும் கொஞ்ச நேரம் அதோடு இருக்கத் தெரிய வேண்டும். இந்தப் பயிற்சி அந்த ஒரு திறமைக்காகத்தான். அமைதி கிடைத்தால் லாபம்; கிடைக்காத நாளிலும் பயிற்சி வீண்போகவில்லை.

2009-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாரா போவன், ஆலன் மார்லட் இருவரும் புகைபிடிக்கும் கல்லூரி மாணவர்கள் 123 பேரிடம் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு குழுவுக்கு மட்டும், ஏக்கம் வந்தால் அதை எதிர்க்காமல் கவனிக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு பார்த்தபோது ஏக்கத்தின் அளவில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் அடுத்த ஏழு நாட்களில் பயிற்சி பெற்றவர்கள் பிடித்த சிகரெட்டின் எண்ணிக்கை குறைந்திருந்தது. ஏக்கம் அப்படியே இருந்தது. கைதான் பாக்கெட்டுக்குப் போகவில்லை.

எல்லாவற்றுக்கும் முன்: உடம்பு

மூச்சைக் கவனிப்பதற்கு முன்னால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டியவர்கள் உண்டு. நீண்ட காலம் நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் திடீரென நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை சிலருக்கு டெலிரியம் ட்ரெமென்ஸ் என்ற நிலை ஏற்படும்: கடும் நடுக்கம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, இடமும் நேரமும் புரியாமல் பிதற்றுவது. சிகிச்சை இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து. அல்பிரசோலாம், டயசிபாம் மாதிரி பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தரும் மாத்திரைகளைப் பல மாதம் எடுத்தவர்களும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. மருத்துவர் சொல்லும் கணக்கில்தான் குறைக்க வேண்டும். இந்தக் கட்டத்தில் கை நடுங்கிக்கொண்டு, "மனதை ஒருநிலைப்படுத்திச் சமாளித்துவிடுவேன்" என்று யாராவது சொன்னால், அவரை உட்கார விடாதீர்கள், ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.

மருந்து பற்றியும் ஒரு வார்த்தை. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட், ப்யூப்ரினார்ஃபின், மெத்தடோன், நிகோடின் பேட்ச் ஆகியவை போதையை விடுவதற்கு மருத்துவர்கள் தரும் முறையான சிகிச்சைகள். "மருந்தில் இருப்பவன் முழுசாக மீளவில்லை" என்ற பேச்சு இன்னும் சில குழுக்களில் சுற்றுகிறது. அதைக் காதில் வாங்காதீர்கள். கவனப் பயிற்சி மருந்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டியது, மருந்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க வேண்டியதில்லை.

ஏக்கம் எப்படி வேலை செய்கிறது

நீண்ட நாள் குடித்தவரிடம் கேட்டுப் பாருங்கள்: "கடைசி வருடங்களில் குடி உண்மையிலேயே பிடித்திருந்ததா?" பலர் இல்லை என்றுதான் சொல்வார்கள். பிடிக்கவில்லை, ஆனாலும் வேண்டும். 1993-ல் டெரி ராபின்சன், கென்ட் பெர்ரிட்ஜ் என்ற இரு ஆய்வாளர்கள் இதற்கு ஒரு விளக்கம் முன்வைத்தார்கள். ஒன்றை வேண்டுவதும் அதை ரசிப்பதும் மூளையில் தனித்தனி ஏற்பாடுகள். போதை, வேண்டும் என்ற பக்கத்தை மட்டும் மேலும் மேலும் கூர்மையாக்கிவிடுகிறது. அதனால்தான் ஒரு தெருமுனை, ஒரு நண்பனின் குரல், சம்பளம் வந்த குறுஞ்செய்தி போதும், உடம்பு உடனே கிளம்பத் தயாராகிவிடுகிறது. இதில் உங்கள் ஒழுக்கத்துக்குச் சம்பந்தமில்லை.

"அதை நினைக்கவே கூடாது" என்று பல்லைக் கடித்தால் என்ன ஆகும்? 1987-ல் டேனியல் வெக்னர் என்ற உளவியலாளர் சிலரிடம் ஐந்து நிமிடம் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்றார். நினைக்காமல் இருக்க முடியவில்லை. அதோடு விடவில்லை: பிறகு நினைக்கலாம் என்று சொன்னதும், முன்பே தடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக நினைத்தார்கள். ஏக்கத்தைத் துரத்துவதும் இப்படித்தான் முடிகிறது. பணிவது, துரத்துவது இரண்டும் இல்லாத மூன்றாவது வழி ஒன்று பழக்கத்தில் இருக்க வேண்டும். அதைத்தான் இனி படிப்படியாகக் கட்டப் போகிறோம்.

படி 1: ஒரு நங்கூரத்தைத் தேர்ந்தெடுங்கள்

கவனம் திரும்பி வந்து நிற்க ஓர் இடம் வேண்டும். எல்லோரும் மூச்சைச் சொல்வார்கள். ஆனால் பதற்றம் அதிகமாக இருப்பவருக்கு மூச்சைக் கவனிக்கக் கவனிக்க மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். அப்படி இருந்தால் மூச்சை விட்டுவிடுங்கள். என் சிபாரிசு பாதம்தான். செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பாதங்களையும் தரையில் பதியுங்கள். தரை குளிர்ச்சியா, சொரசொரப்பா? பாரம் குதிகாலில் அதிகமா, விரல்பக்கம் அதிகமா? இது போதும். தொடையில் வைத்த கைகளின் சூடு, அறையில் கேட்கும் சத்தங்கள் ஆகியவையும் நல்ல நங்கூரங்கள்.

கண் திறந்தே இருக்கட்டும். பார்வையைத் தரையில் ஓரிடத்தில் தளர்வாக வைத்தால் போதும். கண்ணை மூடினால் பழைய காட்சிகள் ஓடும் ஆட்களுக்கு இது மிகவும் முக்கியம்.

படி 2: மூன்று நிமிடம், தினமும், ஏக்கம் இல்லாத நேரத்தில்

காலையில் பல் துலக்கி முடித்தவுடன் என்று ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலையோடு ஒட்டிவிடுங்கள். உட்காருங்கள். நங்கூரத்தில் கவனம் வையுங்கள். அது ஓடிவிடும், கடனுக்கு ஓடும், நேற்றைய சண்டைக்கு ஓடும். ஓடியது தெரிந்த கணத்தில், "போயிருக்கிறது" என்று மனதுக்குள் சொல்லிவிட்டுப் பாதத்துக்குத் திரும்புங்கள். திட்டிக்கொள்ள வேண்டாம். மூன்று நிமிடத்தில் இருபது தடவை ஓடினால் இருபது தடவை திரும்பக் கொண்டுவந்திருக்கிறீர்கள். திரும்பக் கொண்டுவருவதுதான் பயிற்சி. ஓடாமல் இருப்பது இலக்கே கிடையாது.

ஏன் ஏக்கம் இல்லாத நேரத்தில்? நெருக்கடியில் புதிதாக எதையும் கற்க முடியாது. கற்றதுதான் கைக்கு வரும். ஏக்கம் வந்த பிறகு மட்டும் இதைத் தேடுபவர்கள், "செய்து பார்த்தேன், வேலை செய்யவில்லை" என்பார்கள்.

ஒரு வாரம் மூன்று நிமிடம் தவறாமல் நடந்தால் ஐந்தாக்குங்கள். பத்தைத் தாண்ட அவசரப்பட வேண்டாம். உட்காரவே முடியாத நாள்களில் நடங்கள்: அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு, கால் தூக்குவது, நகர்வது, பதிவது தெரியும்படி மெதுவாக. மீட்பின் ஆரம்பத்தில் உட்காருவதைவிட நடப்பது பலருக்கு நன்றாகவே ஒத்துவருகிறது.

படி 3: அன்றாட வேலை ஒன்றை முழுசாகச் செய்யுங்கள்

குளிப்பது, பாத்திரம் கழுவுவது, துணி மடிப்பது ஆகியவற்றில் ஒன்று. தண்ணீர் முதலில் எங்கே படுகிறது, சோப்பு வழுக்குகிறது, தட்டு தட்டோடு உரசும் சத்தம். செல்போன் வேறு அறையில். போதையில் இருந்த நாட்களில் இந்தச் சின்னச் சின்ன நேரங்கள் எல்லாம் அடுத்த ரவுண்டுக்கான காத்திருப்பாகவே கழிந்திருக்கும், அதனால் முதலில் சப்பென்று இருக்கும். இருக்கட்டும்.

படி 4: அலை மேல் நிற்பது

மேலே சொன்ன ஆலன் மார்லட் ஏக்கத்தைக் கடலலையாகப் பார்க்கச் சொன்னார். எழும், உச்சிக்குப் போகும், உடையும். அலையைத் தள்ளவும் முடியாது, ஓடி ஜெயிக்கவும் முடியாது. மேலே மிதந்து கடக்கலாம். இந்த வழிகாட்டியில் நேரம் செலவழிக்க வேண்டிய படி இதுதான்.

மாலை ஏழு மணி என்று வைத்துக்கொள்வோம். வேலையிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுகிறீர்கள். முன்பெல்லாம் இந்த நேரத்தில்தான் கிளம்புவீர்கள். திடீரென வருகிறது. முதல் வேலை, இருக்கும் இடத்தைப் பார்ப்பது. கையெட்டும் தூரத்தில் பாட்டிலோ பொட்டலமோ இருந்தால், கடை வாசலில் நின்றுகொண்டிருந்தால், கவனிப்பதெல்லாம் பிறகு, அங்கிருந்து நகருங்கள். அலை மேல் நிற்பதைக் கடைக்குள் பயிற்சி செய்ய முடியாது.

பாதுகாப்பான இடத்தில் இருந்தால் உட்காருங்கள், பாதத்தைப் பதியுங்கள். இப்போது ஏக்கத்தை உடம்பில் தேடுங்கள். மனதில் தேடினால் அது பேசத் தொடங்கிவிடும். உடம்பில் அது வெறும் உணர்வு. தொண்டையில் வறட்சி இருக்கலாம். எச்சில் ஊறி, அடிக்கடி விழுங்கிக்கொண்டிருக்கலாம். தாடை இறுகியிருக்கும். நெஞ்சுக்குழியில் ஏதோ இழுக்கும். ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், நெஞ்சுக்குழி என்று வைப்போம். அந்த இழுப்புக்கு ஓரம் இருக்கிறதா? உள்ளங்கை அளவா, அதைவிடப் பெரிதா? சூடா, குளிர்ச்சியா? ஒரே இடத்தில் நிற்கிறதா, நகர்கிறதா? பத்துக்கு எத்தனை என்று ஓர் எண் கொடுங்கள். எட்டு. சரி, எட்டு.

ஒன்றிரண்டு நிமிடத்தில் ஒன்பதாகலாம். இங்கேதான் பெரும்பாலோர் கைவிடுகிறார்கள். கூடிக்கொண்டே போகும், தலை வெடிக்கும் வரை போகும் என்று பயம் சொல்லும். ஏக்கம் இதுவரை எப்போதும் உச்சத்திலேயே முடித்துவைக்கப்பட்டிருப்பதால், அது தானாக இறங்குவதை உடம்பு பார்த்ததே இல்லை. பாதத்துக்கு ஒருமுறை போய்விட்டு மறுபடி நெஞ்சுக்குழிக்கு வாருங்கள். மூச்சு வெளியே போகும்போது தோள் எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு இறங்கட்டும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணைப் பாருங்கள். எட்டு. ஏழு. மறுபடி எட்டு. தாடை மட்டும் தளர்ந்திருக்கிறது, அதைக் குறித்துக்கொள்ளுங்கள். தீனி போடாத ஏக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணியத் தொடங்கிவிடும். தீனி என்றால் குடிப்பது மட்டுமல்ல. "ஒரு போன் போட்டால் கொண்டுவந்துவிடுவான்" என்று திட்டம் போட்டுக்கொண்டிருப்பதும் தீனிதான்.

அடுத்த அலை ஒரு மணி நேரத்தில் வரலாம். வரும். முதல் சில வாரங்கள் தாண்டினால் எல்லாம் சீராகக் குறையும் என்றும் நம்பிவிடாதீர்கள். நிறுத்திய பிறகு சில வாரங்கள் கழித்து, பழைய இடத்தையோ ஆளையோ பார்த்ததும் எழும் ஏக்கம் முன்பைவிடக் கூடுவது ஆய்வுகளில் பார்க்கப்பட்டிருக்கிறது. இரண்டாம் மாதத்தில் ஒருநாள் அது திடீரென ஓங்கி அடித்தால், நீங்கள் பின்னால் போய்விட்டதாக அர்த்தம் இல்லை.

படி 5: வெளியில் இருக்கும்போது ஒரு நிமிடம்

எல்லா நேரமும் உட்கார முடியாது. மீட்டிங் நடுவில், விசேஷ வீட்டில், பேருந்தில் வரும். அதற்கு ஐந்து துண்டாகப் பிரித்த ஒரு குறுகிய முறை உண்டு. மார்லட் குழுவினர் உருவாக்கிய எட்டு வாரப் பயிற்சித் திட்டத்தில் கற்றுக்கொடுப்பது. நில்லுங்கள்: செய்துகொண்டிருப்பதை நிறுத்துங்கள். பாருங்கள்: உடம்பில் என்ன, மனதில் என்ன. மூச்சுக்கு வாருங்கள், அல்லது பாதத்துக்கு. கவனத்தை விரியுங்கள்: முழு உடம்பு, அறை, சுற்றி இருப்பவர்கள். பிறகு பதில் கொடுங்கள்: இப்போது நான் செய்ய வேண்டியது எது? அது "அவசர வேலை இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெளியேறுவதாக இருக்கலாம், ஸ்பான்சருக்கோ (மீட்புக் குழுவில் உங்களுக்குத் துணையாக இருக்கும் மூத்த உறுப்பினர்) கவுன்சலருக்கோ போன் செய்வதாக இருக்கலாம். நாகரிகம் பார்த்து நிற்க வேண்டியதில்லை. கிளம்பிப் போவதும் முழுக் கவனத்தோடு எடுத்த முடிவுதான்.

படி 6: வக்கீல் வேலை பார்க்கும் எண்ணங்கள்

"ஒரே ஒரு தடவை." "இத்தனை நாள் இருந்தாச்சே, இனி அளவாகக் குடிக்கலாம்." "யாருக்குத் தெரியப்போகிறது?" "இப்படி நடத்தினால் எவன்தான் குடிக்காமல் இருப்பான்?" இவற்றோடு வாதாடினால் தோற்பீர்கள், அந்த எண்ணத்துக்கு உங்கள் பலவீனம் எல்லாம் தெரியும். பதில் சொல்லாமல் பெயர் மட்டும் வையுங்கள். "அனுமதி கேட்கும் எண்ணம் வந்திருக்கிறது." "நியாயம் பேசும் எண்ணம்." ஒரு சின்ன நோட்டில் உங்கள் எண்ணங்களின் பட்டியலை எழுதி வைத்துக்கொண்டால், வாரக் கடைசியில் பார்க்கும்போது ஐந்தாறு வசனங்கள்தான் திரும்பத் திரும்ப வந்திருப்பது தெரியும்.

பழைய நாட்களின் இனிப்பான காட்சிகள் இன்னும் தந்திரமானவை. நண்பர்கள், சிரிப்பு, முதல் கிளாஸ். மனம் அங்கேயே படத்தை நிறுத்திவிடும். நீங்கள் அதை ஓடவிடுங்கள்: நள்ளிரவு, மறுநாள் காலை, வீட்டில் இருந்தவர்களின் முகம் வரைக்கும்.

படி 7: பசி, கோபம், தனிமை, களைப்பு

மீட்புக் குழுக்களில் நெடுங்காலமாகச் சொல்லிவரும் நான்கு இவை. ஏக்கம் என்று நினைப்பது பல நேரம் இந்த நான்கில் ஒன்றாக இருக்கும், அதனால் நாளுக்கு இரண்டு தடவை நின்று சரிபாருங்கள். பசி என்றால் சாப்பிடுங்கள். அதற்குத் தியானம் தேவையில்லை. இந்தப் பட்டியலில் நான் இரண்டைச் சேர்ப்பேன். ஒன்று சலிப்பு. இன்னொன்று சந்தோஷம். நல்ல செய்தி வந்த நாளில் சறுக்கியவர்கள் ஏராளம், ஆனால் அன்றைக்கு யாரும் காவல் போடுவதில்லை.

குற்ற உணர்வு தனி ரகம். அது வரும்போது உடம்பில் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இன்றைக்கு இதற்காக நான் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? இருந்தால் அந்த ஒன்றைச் செய்யுங்கள். இல்லாவிட்டால் பாதத்துக்குத் திரும்புங்கள். குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களில் வாழ்நாள் முழுவதற்கும் சத்தியம் கேட்பதில்லை, ஒவ்வொரு நாளாகப் பார்க்கச் சொல்கிறார்கள். முப்பது வருடத்தை இன்றிரவே தாங்கிவிட முடியாது என்று அவர்களுக்குத் தெரியும்.

படி 8: சறுக்கினால்

ஒருமுறை தொட்டுவிட்டால் உடனே ஒரு குரல் கேட்கும்: "போச்சு, எல்லாம் போச்சு, இனி என்ன." ஒரு கிளாஸை ஒரு வாரமாக்குவது பெரும்பாலும் இந்தக் குரல்தான். மார்லட்டும் ஜூடித் கார்டனும் 1985-லேயே இதைப் பிரித்துக் காட்டினார்கள்: சறுக்கல் ஒன்று, முழுதாகத் திரும்பிப் போவது இன்னொன்று, இரண்டுக்கும் நடுவில் இருப்பது வெட்கமும் "நான் இவ்வளவுதான்" என்ற முடிவும். அந்த இடைவெளியில் நின்று பாருங்கள். என்ன நடந்தது, அதற்கு முன் எந்த உணர்வு இருந்தது, இப்போது உடம்பில் என்ன இருக்கிறது. அன்றே யாரிடமாவது சொல்லுங்கள், அடுத்த நாள் விடியும்வரை வைத்திருக்காதீர்கள்.

ஹெராயின் போன்ற ஓபியாய்டுகளை நிறுத்தியவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்குசக்தி இறங்கிவிடும். பழைய அளவை மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். மறுவாழ்வு மையத்திலிருந்து வெளியே வந்த முதல் வாரங்களில் நிகழும் மரணங்களுக்கு இது ஒரு முக்கியக் காரணம். ஓபியாய்டு அளவு மீறினால் அதன் விளைவை முறிக்கும் நலாக்சோன் மருந்தை, கிடைக்கும் இடங்களில், வீட்டில் வைத்திருப்பதும், அதைப் பயன்படுத்த வீட்டார் தெரிந்துவைத்திருப்பதும் அவசியம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

படி 5-ல் சொன்ன எட்டு வாரத் திட்டத்தைப் பற்றி 2014-ல் வெளியான ஆய்வில் 286 பேர் பங்கேற்றார்கள். ஆறு மாதத்தில் பார்த்தபோது, வழக்கமான தொடர் சிகிச்சையைவிடக் கவனப் பயிற்சியும், சறுக்கலைத் தடுக்கத் திறன்கள் கற்றுத்தரும் பயிற்சியும் நன்றாக இருந்தன. போதைப்பொருளை முதல்முறை மறுபடி தொடும் நாளைத் தள்ளிப்போட்டதில் திறன் பயிற்சியே முந்தியது. பன்னிரண்டாம் மாதத்தில்தான் கவனப் பயிற்சி பெற்றவர்கள் மற்ற இரண்டு குழுக்களையும்விடக் குறைந்த நாட்களே போதையைத் தொட்டிருந்தார்கள். ஆகவே இது மெதுவாகப் பலன் தரும் சமாச்சாரம். அவர்கள் எல்லோரும் ஆரம்பக்கட்டச் சிகிச்சையை ஏற்கெனவே முடித்திருந்தவர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

சிலர் தனியாக இறங்கக் கூடாது. சிறுவயதில் வன்முறைக்கு ஆளானவர்கள், உட்கார்ந்தால் பழைய சம்பவம் அப்படியே கண்முன் நடப்பதுபோல் உணர்பவர்கள், காதில் குரல் கேட்பவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள் ஆகியோர் மனநல மருத்துவர் அல்லது பயிற்சி பெற்ற கவுன்சலர் துணையோடுதான் தொடங்க வேண்டும். பயிற்சியின்போது உடம்பு உறைந்துபோனது மாதிரி இருந்தால் நிறுத்திவிடுங்கள். முகத்தில் குளிர்ந்த தண்ணீர் அடியுங்கள், அறையில் தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சத்தமாகச் சொல்லுங்கள், யாராவது பக்கத்தில் இருந்தால் பேசுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

"இன்னைக்கு உட்கார்ந்தியா?" என்று தினமும் கேட்காதீர்கள். அந்தக் கேள்வி சீக்கிரமே, "இன்னைக்குக் குடிச்சியா?" என்பதன் இன்னொரு வடிவமாகக் காதில் விழும். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடம் யாரும் கூப்பிடாமல், டிவி சத்தத்தைக் குறைத்து வைத்தால் பெரிய உதவி. எழுந்து வந்து, "இப்பத்தான் ஒண்ணு வந்துட்டுப் போச்சு" என்று அவரே சொன்னால், அறிவுரை எதையும் எடுக்காமல், "எவ்வளவு நேரம் இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.